செல்ல நாய்க்கு திடீர் வலிப்பு: மூளை அழற்சியா? கண்டுபிடிப்பது எப்படி?

நேற்று வரை சோபாவில் தாவிக் குதித்த பக் நாய், இன்று ஒரே பக்கமாக வட்டம் போடுகிறது. தலை சாய்ந்திருக்கிறது, கூப்பிட்டாலும் திரும்பவில்லை. கொஞ்ச நேரத்தில் வலிப்பு. 'சாதா ஃபிட்ஸ்தான்' என்று நாட்களைக் கடத்தினால் ஆபத்து. பக், மால்டீஸ், சிவாவா, யார்க்‌ஷயர் டெரியர் போன்ற குட்டி ரக நாய்களுக்கு இது மூளை அழற்சியாகவும் இருக்கலாம்.

காரணம் என்ன?

பெரும்பாலும் கிருமி எதுவும் சிக்குவதில்லை. நாயின் சொந்த எதிர்ப்பு சக்தியே மூளையைத் தாக்குவதாகக் கருதப்படுகிறது. 'காரணம் தெரியாத மூளை மற்றும் மூளையுறை அழற்சி' என்றே மருத்துவர்கள் அழைக்கிறார்கள். தெரியாது என்பதையே பெயராக வைத்துவிட்டார்கள்!

எப்படி உறுதி செய்வார்கள்?

ரத்தப் பரிசோதனையில் இந்த நோய் தெரியாது. ஆனாலும் அது அவசியம். சர்க்கரை குறைந்தாலும், பிறவியிலேயே கல்லீரல் ரத்தக் குழாயில் கோளாறு இருந்தாலும் குட்டி நாய்களுக்கு வலிப்பு வரும்.

அடுத்து, மயக்க மருந்து கொடுத்து எம்.ஆர்.ஐ. ஸ்கேன். கட்டியா, நீர் கோர்த்திருக்கிறதா, அழற்சியா என்பது ஓரளவு புரியும். பிறகு பிடரிப் பக்கம் ஊசி போட்டு மூளைத் தண்டுவட நீர் எடுப்பார்கள். அதில் ஒரு மைக்ரோ லிட்டருக்கு 5-க்கு மேல் வெள்ளை அணுக்கள் இருந்தால் சந்தேகம் வலுக்கும். ஸ்கேனுக்குப் பிறகுதான் ஊசி என்பதற்குக் காரணம் உண்டு. மூளையில் அழுத்தம் ஏறியிருக்கும்போது நீரை எடுத்தால் உயிருக்கே ஆபத்து.

டிஸ்டெம்பர், டாக்ஸோபிளாஸ்மா, நியோஸ்போரா போன்ற தொற்றுகள் இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். ஏனென்றால் இதற்கான முக்கிய மருந்து ஸ்டீராய்டு. எதிர்ப்பு சக்தியை அடக்கும் அந்த மருந்தை, தொற்று இருக்கும் நாய்க்குக் கொடுத்தால் தொற்று இன்னும் பரவும். முன்கூட்டியே கொடுத்தால் பரிசோதனை முடிவும் மாறிப்போகும். அதனால் மிச்சமிருக்கும் மாத்திரையை நீங்களாகக் கொடுக்கவே கூடாது.

இத்தனை செய்தும் நூறு சதவீத உறுதி கிடைக்காது. மூளைத் திசுவை எடுத்துப் பார்த்தால்தான் அது முடியும். உயிரோடு இருக்கும் நாய்க்கு அது அரிதாகவே செய்யப்படுகிறது. எனவே 'ஏறக்குறைய இதுதான்' என்ற நிலையிலேயே சிகிச்சை தொடங்கிவிடும். தாமதிக்க நேரமில்லை, சில நாய்கள் சில நாட்களிலேயே மோசமாகிவிடும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

வலிப்பு வரும்போது செல்போனில் வீடியோ எடுங்கள். மருத்துவருக்கு அது பெரிய உதவி. வாய்க்குள் கை விட வேண்டாம். ரேபிஸ் தடுப்பூசி போடாத நாய் என்றால் இன்னும் கவனம் தேவை. வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, ஒரே நாளில் திரும்பத் திரும்ப வந்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.