கொதிக்கும் எண்ணெய் தீர்ந்துபோன இரவு

மாணவர்களே, துப்பாக்கிக் குண்டு பாய்ந்த காயத்தில் கொதிக்கும் எண்ணெயை ஊற்றினால் எப்படி இருக்கும்? கேட்கவே உடம்பு கூசுகிறதல்லவா? ஏறக்குறைய 500 ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பியப் போர்க்களங்களில் அதுதான் முறையான சிகிச்சை. அதற்கு ஒரு காரணமும் சொன்னார்கள். வெடிமருந்து நஞ்சு, குண்டு அந்த நஞ்சை உடலுக்குள் கொண்டுபோகிறது, சூட்டால்தான் அதை முறிக்க முடியும். ஜியோவானி தா விகோ என்ற இத்தாலிய அறுவை மருத்துவரின் புகழ்பெற்ற நூல் அப்படித்தான் கூறியது. அந்த நூலை நம்பியவர்களில் அம்ப்ருவாஸ் பாரேயும் ஒருவர்.

பாரே 1510 வாக்கில் பிரான்சின் லவால் நகருக்கு அருகில் பிறந்தார். அந்நாளில் மருத்துவர் வேறு, அறுவை செய்பவர் வேறு. பல்கலைக்கழகத்தில் இலத்தீனில் படித்த மருத்துவர்கள் கையில் இரத்தம் படும் வேலையைப் பெரும்பாலும் தொடமாட்டார்கள். கட்டியைக் கீறுவதும் காயத்துக்குக் கட்டுப் போடுவதும் முடிதிருத்துபவர்களின் வேலை. கூரிய கத்தி அவர்களிடம்தானே இருந்தது! முடிதிருத்தும் கடை வாசலில் சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட கம்பம் சுழல்வதைப் பார்த்திருப்பீர்கள். சிவப்பு இரத்தத்தையும் வெள்ளை கட்டுத்துணியையும் குறிப்பதாகச் சொல்வார்கள். பாரே இந்தத் தொழிலைப் பயின்று, பாரிசின் ஓதெல் தியூ மருத்துவமனையில் சுமார் மூன்று ஆண்டுகள் பணியாற்றினார். இலத்தீன் அவருக்குத் தெரியாது.

1536-37இல் மன்னர் முதலாம் பிரான்சிசின் படை இத்தாலியின் டுரின் நகரை நோக்கிச் சென்றது. தளபதி மோந்தெஜானின் அறுவை மருத்துவராகப் பாரேயும் போனார். அதுதான் அவருக்கு முதல் போர். மற்றவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று கவனித்து, அவரும் எண்ணெயைக் காய்ச்சிக் காயங்களில் ஊற்றினார். காயம்பட்டவர்களோ ஏராளம். எண்ணெய் தீர்ந்துவிட்டது! வேறு வழியில்லாமல் முட்டையின் மஞ்சள் கரு, ரோஜா எண்ணெய், டர்பன்டைன் மூன்றையும் கலந்து எஞ்சியவர்களின் காயங்களில் தடவினார்.

அன்றிரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை. எண்ணெய் ஊற்றாதவர்கள் நஞ்சேறி இறந்து கிடப்பார்களோ என்ற அச்சம். விடியும் முன்பே எழுந்து போய்ப் பார்த்தார். கலவை தடவப்பட்டவர்களுக்கு வலி குறைவு, காயத்தில் வீக்கமில்லை, ஓரளவு தூங்கியும் இருந்தார்கள். கொதிக்கும் எண்ணெய் ஊற்றப்பட்டவர்களுக்குக் காய்ச்சல், கடும் வலி, காயத்தைச் சுற்றி வீக்கம். இனி எவரையும் இப்படிச் சுடுவதில்லை என்று பாரே முடிவெடுத்தார்.

முட்டைக் கலவையில் என்ன அற்புதம் என்று கேட்பீர்கள். டர்பன்டைனுக்குக் கிருமிகளைத் தடுக்கும் ஆற்றல் கொஞ்சம் உண்டு. ஆனால், என் கருத்தில், அந்தக் கலவையின் பெரிய நன்மை அது கெடுதல் செய்யாமல் இருந்ததுதான். கொதிக்கும் எண்ணெய் காயத்தைச் சுற்றியுள்ள நல்ல திசுக்களையும் கொன்றுவிடும். இறந்த திசுவில் பாக்டீரியா எளிதாகப் பெருகும். குண்டுக் காயம் சீழ் பிடித்ததற்கு வெடிமருந்து நஞ்சு காரணமில்லை. குண்டோடு சேர்ந்து உள்ளே போகும் அழுக்கும் துணித் துண்டுகளும் கிருமிகளைக் கொண்டுபோயின.

இப்போது நம் ஆய்வுக்கூடத்துக்கு வருவோம். மாறிகளை எழுதச் சொன்னால் சலித்துக்கொள்பவர்கள் உங்களில் எத்தனை பேர்? பாரேயின் அன்றைய வேலையில் தற்சார்பு மாறி சிகிச்சை முறை. சார்பு மாறி வலி, வீக்கம், காய்ச்சல். கட்டுப்படுத்தப்பட்ட மாறி? அங்கேதான் சிக்கல். இரு குழுவினரின் காயங்களும் ஒரே மாதிரியானவையா? படுகாயம் அடைந்தவர்களுக்கு முதலில் எண்ணெய் ஊற்றியிருந்தால், அவர்கள் மறுநாள் மோசமாக இருந்ததற்குக் காயமே காரணமாகியிருக்கலாமே! கண்டிப்பான ஆசிரியர் இதற்கு முழு மதிப்பெண் தரமாட்டார்.

அதே காலத்தில் பாரே செய்த இன்னொரு சோதனை இதைவிட நேர்த்தியானது. சமையற்கூடப் பையன் ஒருவன் சூடான எண்ணெய்க் கொப்பரையில் விழுந்துவிட்டான். நாட்டுப்புறக் கிழவி ஒருத்தி, வெங்காயத்தை உப்போடு நசுக்கிப் போடச் சொன்னாள். போட்ட இடங்களில் கொப்புளம் இல்லை. பாரே உடனே நம்பிவிடவில்லை. பிறகு ஒரு படைவீரனின் முகம் வெடிமருந்தில் கருகியபோது, பாதி முகத்தில் வெங்காயமும் மறுபாதியில் வழக்கமான மருந்தும் போட்டு ஒப்பிட்டார். ஒரே ஆள், ஒரே விபத்து, ஒரே நேரம்! வெங்காயம் போட்ட பாதியே நன்றாக இருந்தது. (நீங்கள் வீட்டில் இதைச் செய்ய வேண்டாம். தீக்காயம் பட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பெரிய காயமென்றால் மருத்துவமனைக்குப் போங்கள்.)

பிற்காலத்தில் மன்னர் ஒன்பதாம் சார்லசிடம் ஒரு பெசோவார் கல் இருந்தது. விலங்குகளின் வயிற்றில் உருவாகும் கல் அது. எந்த நஞ்சையும் முறிக்கும் என்றார்கள். நம் நாட்டில் ‘கெலிகா’ என்று விற்கப்படும் முள்ளம்பன்றிக் கல்லும் இதே வகைதான். பாரே நம்பவில்லை. வெள்ளித் தட்டுகளைத் திருடித் தூக்குத் தண்டனை பெற்ற சமையற்காரன் ஒருவன், பிழைத்தால் விடுதலை என்ற பேச்சின்பேரில் நஞ்சையும் கல்லையும் உட்கொள்ள ஒப்புக்கொண்டான். சுமார் ஏழு மணி நேரம் துடித்து இறந்தான். ‘எல்லா நஞ்சையும்’ என்ற கூற்றை உடைக்க ஒரே ஒரு நிகழ்வு போதும் என்பது தர்க்கப்படி சரி. ஆனால் உயிருக்கு அஞ்சி ஒப்புக்கொள்வது சம்மதம் ஆகுமா? அப்படி ஒரு சோதனையை இன்று எந்த நாட்டின் ஆய்வு நெறிமுறையும் அனுமதிக்காது.

தம் குண்டுக்காய அனுபவங்களைப் பாரே 1545இல் பிரெஞ்சு மொழியிலேயே நூலாக வெளியிட்டார். அதனால் இலத்தீன் தெரியாத மற்ற அறுவையாளர்களும் படிக்க முடிந்தது. 1552இல் டாம்வில்லே முற்றுகையில் ஓர் அதிகாரியின் காலை வெட்டி எடுக்க நேர்ந்தது. அந்நாள் வழக்கப்படி பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுட்டு இரத்தத்தை நிறுத்தாமல், இரத்தக் குழாய்களை நூலால் கட்டினார். அந்த அதிகாரி பிழைத்து, மரக்காலோடு வீடு திரும்பினார்.

ஆனால் இந்த முறை உடனே பரவவில்லை. இரத்தம் பீறிடும்போது ஒவ்வொரு குழாயாகத் தேடிக் கட்டுவது எளிதா? 1718இல் ழான் லூயி பெத்தி திருகு வைத்த இறுக்குக் கருவியை உருவாக்கிய பிறகே, இரத்த ஓட்டத்தை நிறுத்திவைத்து நிதானமாகக் கட்ட முடிந்தது. இன்னொரு தடை கண்ணுக்குத் தெரியாதது. கட்டும் நூலிலும் கட்டுபவர் கையிலும் கிருமிகள் இருந்தன. ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தைப் பயன்படுத்திக் கிருமிகளைத் தடுக்கும் முறையை 1867இல் வெளியிட்டார். அப்போது பாரே இறந்து 277 ஆண்டுகள் ஆகியிருந்தன.