கீழ்க்காய்நெல்லியை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோன பேராசிரியர்

ஊரில் யாருக்காவது கண் மஞ்சளித்தால் அம்மம்மா முதலில் தேடுவது வைத்தியரை அல்ல, கிணற்றடியில் முளைத்துக் கிடக்கும் கீழ்க்காய்நெல்லியைத்தான். பிடுங்கிக் கழுவி, அம்மியில் அரைத்து, ஆட்டுப்பாலிலோ மோரிலோ கலக்கி வெறும் வயிற்றில் குடிக்கத் தருவார். எண்ணெய், பொரியல் எல்லாம் விலக்கு. சில கிழமைகளில் செங்கமாரி இறங்கிவிடும். இந்த வைத்தியத்தைக் கேள்விப்படாத வாசகர்கள் எம்மில் மிகச் சிலரே இருப்பார்கள். லாச்சப்பல் கடைகளில் கீழ்க்காய்நெல்லிப் பொடி இருக்கிறதா என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு.

அண்மையில் ஒரு தம்பி, பெயர் வேண்டாம், இரத்தப் பரிசோதனைத் தாளொன்றை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். 'ஆஷ் பே எஸ் அன்ரிஜென்' என்ற வரிக்கு நேரே 'பொசித்தீவ்' என்று இருந்தது. "எனக்குச் செங்கமாரி வந்ததே இல்லை அண்ணை. கண்ணும் வெள்ளையாத்தான் இருக்கு. டொக்டர் ஹெப்பற்றைற்றிஸ் பி எண்டு சொல்லுறார். கீழ்க்காய்நெல்லி குடிச்சா மாறாதோ?" என்று கேட்டார்.

சிரித்துவிட்டுப் போகக்கூடிய கேள்வி அல்ல இது. நாற்பது வருடங்களுக்கும் முன்னர் சென்னையில் ஒரு தமிழ் விஞ்ஞானி இதே கேள்வியை எடுத்து, அதற்குப் பதில் தேடினார். அவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி மருத்துவ அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த எஸ்.பி.தியாகராஜன். பின்னர் 2003 முதல் 2006 வரை அப்பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தார்.

அவருடைய கதைக்குள் போக முன்னர் இன்னொருவரைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்கரான பரூக் புளும்பேர்க் 1960களில் உலகின் பல இன மக்களின் இரத்தத்தை ஒப்பிட்டுப் பார்த்து வந்தார். நோயைத் தேடிப் போனவரல்லர். மனிதருக்கு மனிதர் இரத்தம் எப்படி வேறுபடுகிறது என்பதே அவருடைய ஆர்வம். அவுஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரின் இரத்தத்தில் புதிய புரதம் ஒன்று தட்டுப்பட்டது. 'அவுஸ்திரேலியா அன்ரிஜென்' என்று பெயரிட்டார்கள். அது ஈரல் அழற்சி பி வைரசின் மேலுறை என்பது பிறகுதான் தெரியவந்தது. தம்பியின் தாளில் இருந்த 'ஆஷ் பே எஸ்' அதேதான். இக்கண்டுபிடிப்புக்காக 1976இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆண்டுதோறும் யூலை 28ஆம் திகதி உலக ஈரல் அழற்சி நாளாக அனுசரிக்கப்படுவதும் அது அவருடைய பிறந்தநாள் என்பதாலேயே.

தியாகராஜன் குழுவினர் செய்த முதல் வேலை எளிமையானது. வைரசின் மேலுறைப் புரதம் உள்ள இரத்தநீரில் கீழ்க்காய்நெல்லிச் சாற்றையும் கரிசலாங்கண்ணிச் சாற்றையும் கலந்து, புரதம் செயலிழக்கிறதா என்று சோதனைக் குழாயில் பார்த்தார்கள். செயலிழந்தது. 1982இல் இந்திய மருத்துவ ஆய்வுச் சஞ்சிகையில் அதை வெளியிட்டார்கள். சோதனைக் குழாயில் பலித்தவை எல்லாம் உடம்பில் பலிப்பதில்லை என்பது அவர்களுக்கும் தெரியும். இதற்கிடையில் பிலடெல்பியாவில் புளும்பேர்க்கின் ஆய்வுகூடத்தில், இதையொத்த வைரஸ் தொற்றும் வுட்சக் என்ற வளை தோண்டும் விலங்குக்கு இந்தச் செடியின் சாற்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1987இல் வந்த அந்த முடிவும் நம்பிக்கையூட்டியது.

அடுத்தது மனிதர். வைரசை உடம்பில் காவித் திரிபவர்களை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்குச் செடியின் பொடியை உறையிலிட்டு 30 நாட்கள் கொடுத்தார்கள். மற்றப் பிரிவினருக்கு மருந்தில்லாத வெற்று உறை. மருந்து எடுத்த 37 பேரில் 22 பேருக்கு, அதாவது 59 வீதத்தினருக்கு, அந்த மேலுறைப் புரதம் இரத்தத்தில் இல்லாமற் போயிருந்தது. வெற்று உறை எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி நிகழ்ந்தது. 1988இல் 'லான்செற்' சஞ்சிகையில் இது வெளிவந்தபோது கட்டுரையாளர் ஐவரில் புளும்பேர்க்கும் ஒருவர். அம்மம்மாவின் மூலிகை இலண்டன் மருத்துவ சஞ்சிகையில் ஏறியது எமக்குப் பெருமைதான். ஆனால் எம்மவர் பலர் கதையை இந்த இடத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள். மூலிகை விற்பவர்கள் கட்டாயம் நிறுத்துவார்கள்.

அந்தக் கட்டுரை தன்னை 'ஆரம்ப ஆய்வு' என்றுதான் அழைத்துக்கொண்டது. ஆய்வைத் தொடர வேண்டும் என்று கேட்டது. மற்ற நாட்டவர்களும் தொடர்ந்தார்கள். தாய்லாந்தில் செய்து பார்த்தார்கள், 1990இல் அதே 'லான்செற்'றில் முடிவு வந்தது: பலனில்லை. நியூசிலாந்தில் 1994இல் வெளியான ஆய்விலும் பலனில்லை. செடியின் இனம் வேறு, விளைந்த மண் வேறு, பறித்த பருவம் வேறு என்று பல விளக்கங்கள் சொல்லப்பட்டன. முதலில் செடியின் தாவரப் பெயரிலேயே குழப்பம் இருந்தது: 'பிலாந்தஸ் நிரூரி' என்று எழுதியதைப் பிறகு 'பிலாந்தஸ் அமாரஸ்' என்று திருத்தினார்கள். 2011இல் கொக்ரேன் அமைப்பு, அதுவரை நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பரிசீலித்து, வெற்று மருந்தைவிட இது நாட்பட்ட ஈரல் அழற்சி பிக்கு நன்மை தருகிறது என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்றது.

இதனால் தியாகராஜனின் உழைப்பு வீண் என்று நான் நினைக்கவில்லை. 'பாட்டி சொன்னால் சரி' என்பவர்களுக்கும் 'நாட்டு வைத்தியம் என்றாலே பொய்' என்பவர்களுக்கும் நடுவில் நின்று, பத்து வருடங்களில் யாரும் திருப்பிச் சோதிக்கக்கூடிய விதத்தில் அவர் கேள்வியை அமைத்தார். திருப்பிச் சோதித்ததால்தான் இன்று எமக்குப் பதில் தெரியும்.

அப்படியானால் அம்மம்மாவின் மருந்தில் செங்கமாரி மாறியது எப்படி? ஊரில் கண்ட செங்கமாரியில் பெரும்பாலானது, அசுத்தமான தண்ணீராலும் உணவாலும் பரவும் ஈரல் அழற்சி ஏ. அது பெரும்பாலானோருக்குச் சில கிழமைகளில் தானாகவே மாறும். இலைச்சாறு குடித்தவருக்கும் மாறியது, குடிக்காதவருக்கும் மாறியது. பி வைரஸ் வேறு சாதி. இரத்தத்தாலும் உடலுறவாலும் பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்கும் தொற்றும். வளர்ந்தவருக்குத் தொற்றினால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் உடம்பே அதை விரட்டிவிடும். பிறந்த குழந்தைக்குத் தொற்றினால் கணக்கு தலைகீழ்: பத்தில் ஒன்பது குழந்தைகளிடம் நிரந்தரமாகத் தங்கிவிடும். முப்பது, நாற்பது வருடம் கண்ணும் மஞ்சளிக்காது, வயிறும் நோகாது. பிறகு ஈரல் சுருங்கும், அல்லது புற்றுநோய் வரும். உலகில் 25 கோடிக்கும் அதிகமானோர் இதைக் காவுவதாக உலக சுகாதார நிறுவனம் 2022ஆம் ஆண்டுக்குக் கணக்கிட்டது.

தடுப்பூசியின் வரலாற்றில் பிரான்சுக்கும் இடமுண்டு. தூர் நகரில் பிலிப் மோப்பா 1976இல், வைரஸ் காவுவோரின் இரத்தத்திலிருந்து பிரித்த புரதத்தைக் கொண்டு முதல் தடுப்பூசியைப் போட்டார். பரிஸ் பஸ்தேர் நிறுவகத்தில் பியேர் தியோலேயின் குழு 1979இல் வைரசின் மரபணுவைப் படியெடுத்தது. அதன் வழியாக, மனித இரத்தம் தேவையில்லாத தடுப்பூசி வந்தது. இலங்கையில் 2003இலிருந்து குழந்தைகளுக்கு இது போடப்படுகிறது. பிரான்சில் 2018 தை முதலாம் திகதிக்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்குக் கட்டாயம். எமது பிள்ளைகள் பாதுகாக்கப்பட்டிருக்கிறார்கள். அதற்கு முன் பிறந்து, போர்க்காலத்தில் ஊரில் ஊசி ஏற்றி, இரத்தம் ஏற்றி, பல நாடு கடந்து இங்கு வந்த எமது தலைமுறையில் எத்தனை பேர் பரிசோதித்திருக்கிறோம்?

அந்தத் தம்பிக்கு இதையெல்லாம் சொன்னேன். வைரஸ் இருக்கிற எல்லோருக்கும் உடனே மருந்து தேவைப்படாது என்பதையும், தேவைப்பட்டால் தெனோபோவிர், என்ரெகாவிர் போன்ற குளிசைகள் வைரசை அடக்கி வைக்கும், முற்றாக அழிப்பது அரிது என்பதையும் சொன்னேன். குளிசை தொடங்கிய ஒருவர் மூலிகையை நம்பி அதை இடையில் நிறுத்தினால் வைரஸ் சீறி எழுந்து ஈரலைச் சில கிழமைகளிலேயே செயலிழக்கச் செய்யக்கூடும். எனக்குப் பயம் தருவது கீழ்க்காய்நெல்லி அல்ல, இந்த நிறுத்தல்தான். அதோடு சவர அலகைப் பகிரக்கூடாது, குடியை விட்டுவிடவேண்டும்.

விசா இல்லை, விற்றால் அட்டை இல்லை என்று தயங்குபவர்கள் 'செஜித்' என்று அழைக்கப்படும் பரிசோதனை நிலையங்களுக்குப் போகலாம். அங்கு இலவசம், விரும்பினால் பெயர் சொல்லவும் தேவையில்லை. கர்ப்பிணிகளுக்குப் பிரான்சில் இப்பரிசோதனை கட்டாயம். தாய்க்கு இருந்தால் குழந்தைக்குப் பிறந்தவுடனேயே தடுப்பூசியும் எதிர்ப்புப் புரத ஊசியும் போட்டுக் காப்பாற்றிவிடுவார்கள்.

தம்பி தாளைத் திரும்ப மடித்துப் பையில் வைத்தார். அடுத்த கிழமை மனைவியையும் கூட்டிக்கொண்டு இரத்தம் கொடுக்கப் போனார். அவருக்குத் தொற்றவில்லை, முதல் தடுப்பூசி போட்டாயிற்று. தம்பிக்கு இப்போதைக்குக் குளிசை வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரவேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். ஊரிலிருக்கும் தாய்க்கும் சகோதரங்களுக்கும் எப்படிச் சொல்வது என்று இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறார்.