பேட்டர்சீ வீட்டில் தட்டியது யார்?

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், அவசரமில்லை. உண்மைப் பேய்க்கதை சொல்லும் பாட்காஸ்ட்டுகளை இத்தனை பேர் விழுந்து விழுந்து கேட்கிறார்களே, அதில் எதைத்தான் நம்புவது என்று கேட்டீர்கள். பொத்தாம் பொதுவாகப் பேசினால் விளங்காது. ஒரே ஒரு தொடரை எடுத்துக்கொள்வோம். 2021 ஜனவரியில் பிபிசி வெளியிட்ட ‘தி பேட்டர்சீ போல்டர்கெய்ஸ்ட்’. தொகுத்து வழங்கியவர் டேனி ராபின்ஸ். இந்த வகையில் கேட்பவருக்கும் மரியாதை, கதை சொல்பவருக்கும் மரியாதை கொடுத்துச் செய்த வேலை இது.

லண்டனில் தேம்ஸ் நதிக்குத் தெற்கே இருக்கிறது பேட்டர்சீ. 1956-இல் அங்கே வைக்ளிஃப் சாலையில் ஒரு சாதாரண வீடு. அப்பா சுரங்க ரயில் ஓட்டுபவர். அம்மா, பாட்டி, 15 வயது மகள் ஷெர்லி ஹிட்சிங்ஸ். அந்த ஜனவரியில் ஒருநாள் ஷெர்லியின் தலையணைமேல் ஒரு சாவி கிடந்தது. வெள்ளி நிறச் சாவி, யாரும் பார்த்ததில்லை. அப்பா அதை எடுத்துக்கொண்டு போய் வீட்டிலிருந்த ஒவ்வொரு பூட்டிலும் போட்டுப் பார்த்தார். எதிலும் சேரவில்லை. அன்றிரவே சத்தம் ஆரம்பித்தது. சுவரில், தரையில், மேசை நாற்காலிகளுக்குள் இடிப்பதுபோல. பகலில் மரத்தைப் பிராண்டுவதுபோல. பிறகு பொருள்கள் பறந்தன என்றார்கள். இப்படிச் சத்தம் போட்டுப் பொருளை வீசும் பேயைத்தான் போல்டர்கெய்ஸ்ட் என்கிறார்கள். நம் பக்கத்தில் குட்டிச்சாத்தான் வேலை என்போமே, அதே வகை. வீட்டார் அதற்கு டொனால்ட் என்று பெயர் வைத்துவிட்டார்கள். தட்டலைக் கணக்கிட்டுக் கேள்வி பதில் நடந்தது, பின்னாளில் அது கடிதமே எழுதியதாம். இப்படி 12 வருடம், 1968 வரை.

இந்தக் கதையில் என்னைப் பிடித்து நிறுத்துவது அந்தச் சாவிதான். கட்டிச் சொல்லும் கதையில் சாவி வந்தால் பின்னால் ஒரு பெட்டி திறக்கும். இங்கே எந்தப் பூட்டும் திறக்கவில்லை. கதைக்கு உதவாத இம்மாதிரி விவரம் ஒட்டிக்கொண்டிருப்பது நடந்ததைச் சொல்பவர் பேச்சில் சகஜம். அதற்காக அது பேயின் வேலை என்று ஆகிவிடாது. சாவி கிடந்தது என்பது ஒன்று. அதை யார் வைத்தார்கள் என்பது வேறொன்று. உண்மைப் பேய்க்கதை கேட்கும்போது இந்த இரண்டையும் பிரித்து வைத்துக்கொள்ளப் பழக வேண்டும். பயந்தது நிஜமாக இருக்கலாம், பயத்துக்குக் கண்டுபிடித்த காரணம் தவறாக இருக்கலாம்.

ராபின்ஸ் இதை எப்படிக் கையாள்கிறார் என்று பாருங்கள். பழைய சம்பவங்களை நாடகமாக நடிக்கவைக்கிறார். டோபி ஜோன்ஸும் டாஃப்னி கீனும் நடித்திருக்கிறார்கள். அந்தக் காட்சிகளில் திகில் இருக்கிறது, ஆனால் அதெல்லாம் இன்று எழுதிய வசனம். கேட்கும் நாம் அதை மறந்துவிடக்கூடாது. இடையிடையே எண்பது வயதை எட்டிய ஷெர்லியே வந்து பேசுகிறார். ஏதோ பக்கத்து வீட்டில் நடந்ததைச் சொல்வதுபோல. எனக்கு முதுகு சிலிர்த்தது அந்தக் குரலைக் கேட்டபோதுதான்.

ஆனால் 65 வருடம் கழித்துச் சொல்லும் நினைவை எவ்வளவு நம்பலாம்? ஒவ்வொரு முறை சொல்லும்போதும் நினைவு கொஞ்சம் திருந்தி எழுதப்படுகிறது. சொல்பவர் பொய் சொல்லவில்லை, மூளை வேலை செய்யும் விதமே அதுதான். அதனால்தான் ஹரால்ட் சிபெட் இந்தக் கதையில் முக்கியமான மனிதர். ஆவி ஆராய்ச்சியில் ஆர்வம் கொண்ட அவர், அந்த வீட்டுக்கு வருடக்கணக்கில் போய்வந்து பார்த்ததையும் கேட்டதையும் அப்போதே எழுதிவைத்தார். அவரும் பேயை நம்பியவர்தான், எழுதியதில் அந்தச் சாய்வு இருக்கும். இருந்தாலும் அன்றைக்கே எழுதிய தாளுக்கு இன்றைய நினைவைவிட எடை அதிகம். எந்தப் பேய்க்கதை பாட்காஸ்ட் கேட்டாலும் இந்தக் கேள்வியை மனதில் வையுங்கள்: இதை இவர் முதன்முதலில் யாரிடம், எப்போது சொன்னார்? மறுநாள் காலை அம்மாவிடம் சொன்னதா, முப்பது வருடம் கழித்து மைக் முன்னால் சொன்னதா?

அடுத்து, ராபின்ஸ் இரண்டு நிபுணர்களை உட்காரவைக்கிறார். எவலின் ஹாலோ நம்பிக்கைப் பக்கம். கியரன் ஓகீஃப் ஐயப் பக்கம். இந்த ஓகீஃப் வெறுமனே மறுத்துப் பேசுபவர் இல்லை. 2003-இல் லண்டன் பர்செல் ரூம் அரங்கில் நடந்த ஒரு சோதனையில் அவரும் பங்கெடுத்தவர். சுமார் 7 மீட்டர் நீளக் குழாய்க்குள் ஒலிபெருக்கியைப் பொருத்தி, இசை நிகழ்ச்சியின் சில பாடல்களுக்கு அடியில் மட்டும் 17 ஹெர்ட்ஸ் ஒலியைக் கலந்துவிட்டார்கள். மனிதக் காது பொதுவாக 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே கேட்காது. எந்தப் பாட்டில் கலந்திருக்கிறது என்று சுமார் 700 பேர் கொண்ட கூட்டத்துக்குத் தெரியாது. அந்த ஒலி கலந்திருந்தபோது வினோத உணர்வுகள் சுமார் 22 சதவீதம் கூடின: காரணமில்லாத பதற்றம், துக்கம், முதுகுத்தண்டில் குளிர். காதுக்குத் தெரியாததை உடம்பு உணர்ந்து, மனம் அதற்கு ஒரு காரணம் தேடுகிறது. பழைய கட்டடத்தில் ஒரு மின்விசிறியோ குழாயோ இப்படி அதிர்ந்தால் போதும்.

பேட்டர்சீ வீட்டுச் சத்தத்தை இது விளக்கிவிடும் என்று நான் சொல்லவில்லை. இடித்தது எல்லோர் காதிலும் விழுந்த சத்தம். அங்கே ஷெர்லிமேல் சந்தேகம் விழுவது இயல்பு, விழவும் செய்தது. ஆனால் பத்திரிகைக்காரர்கள் வாசலில் குவிந்து நிற்க, 15 வயதுப் பெண் அத்தனை பார்வையையும் தாங்கினாள். அந்தப் பெண் இன்று நம்மிடம் பேசும்போது குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல் கேட்க வேண்டும். ராபின்ஸ் அப்படிக் கேட்கிறார், அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

பேய்க்கதையில் சரிபார்க்கக்கூடிய பகுதியும் இருக்கும். டொனால்ட் தன்னைப் பிரெஞ்சு இளவரசன் பதினேழாம் லூயி என்று சொல்லிக்கொண்டது. சிறையிலிருந்து தப்பி இங்கிலாந்துக்கு வரும் வழியில் கடலில் மூழ்கியதாகக் கதை. நிஜத்தில் அந்தச் சிறுவன் 1795-இல் பாரிஸ் சிறையிலேயே 10 வயதில் இறந்ததாகப் பதிவு. பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர் எடுத்து வைத்ததாகச் சொல்லப்படும் இதயம் இன்றும் இருக்கிறது. 2000-இல் அதன் மரபணுவை அவன் தாய் மரி அன்துவானெத்தின் தலைமுடியோடு ஒப்பிட்டார்கள். பொருந்தியது. ஆக, டொனால்ட் யாராக இருந்தாலும் அந்த இளவரசன் இல்லை. தட்டியது யார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

இதே ராபின்ஸ் 2021 அக்டோபரில் ‘அன்கேனி’ என்ற தொடரையும் தொடங்கினார். அதன் முதல் கதை பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழக விடுதியின் 611-ஆம் அறை. சொல்பவர் கென், இன்று மரபணு விஞ்ஞானி. மாணவனாக அந்த அறையில் தங்கியபோது இரவில் உணர்ந்ததை விஞ்ஞானியான பிறகும் தள்ளமுடியாமல் தவிக்கிறார். இரவு அறைக் கதைகளில் நான் முதலில் யோசிப்பது அமுக்குவானை. கனவுத் தூக்கத்தில் நாம் கையைக் காலை வீசிவிடாதபடி மூளை தசைகளை அணைத்து வைக்கிறது. சிலசமயம் விழிப்பு முந்திக்கொள்ளும், தசை பின்தங்கும். கண் திறந்திருக்கும், விரல் அசையாது, மார்பில் பாரம், அறையில் யாரோ நிற்கும் உணர்வு. நேரம் தவறித் தூங்கும் மாணவர்களுக்கு இது வர வாய்ப்பு அதிகம். கென்னின் கதையில் சிக்கல் என்னவென்றால், பின்னாளில் அதே அறையில் தங்கிய வேறொருவரும் ஏறக்குறைய அதையே சொன்னதுதான்.

பேட்டர்சீயை முதலில் கேளுங்கள், 611-ஐ அப்புறம். லண்டன் பேச்சு முதல் பத்து நிமிடம் பிடிபடாது, பழகிவிடும். நிபுணர்கள் வாயைத் திறக்கும் முன்னால் நிறுத்திவிட்டு, நீங்களாகவே ஒரு விளக்கம் யோசித்துப் பாருங்கள். அந்த முதல் சாவிக்கு உங்கள் விளக்கம் என்ன என்று எனக்கு வந்து சொல்லுங்கள்.