புழுவைக் கொல்லும் குட்டிக் குளவிப் பட்டாளம்!

தென்னந்தோப்பில் நடக்கும் விந்தை யுத்தம்

மந்திரவாதி கதை கேட்டிருப்பீர்கள்.

ஒரு ராஜா. அவனுக்கு ஒரு எதிரி. எதிரியின் கோட்டையைப் பிடிக்க முடியவில்லை. மந்திரவாதி ஒரு சிமிழைக் கொண்டுவந்து கொடுப்பான். அதைத் திறந்தால் பூச்சிகள் பறக்கும். எதிரி வீரர்களின் உடம்பில் ஏறி, அங்கேயே குஞ்சு பொரித்து, அவர்களைத் தின்று தீர்த்துவிடும்!

கதைதானே என்று சிரிப்போம். ஆனால், அப்படிப்பட்ட பூச்சி உண்மையாகவே இருக்கிறது. அதை டப்பாவில் அடைத்து யுத்தத்துக்கு அனுப்புகிறார்கள். எதிரி மட்டும் மனிதன் அல்ல. புழு!

மனிதன் மேலேயே பூச்சியை ஏவிய கொடுமையும் நடந்தது உண்டு. 1940-ம் ஆண்டு, சீனாவில் உள்ள நிங்போ நகரத்தின் மீது ஜப்பானிய விமானம் தெள்ளுப்பூச்சிகளைக் கொட்டியது. பிளேக் நோய்க் கிருமி ஏற்றிய தெள்ளுப்பூச்சிகள்! ஊரில் பிளேக் பரவியது. பலர் மாண்டார்கள். இப்படிப்பட்ட ஆயுதம் கூடாது என்று 1972-ல் உலக நாடுகள் ஒப்பந்தம் செய்தன. அது 1975-ல் அமலுக்கு வந்தது.

அந்தக் கொடுமை போகட்டும். நாம் வேதாரண்யம் போவோம்.

தோப்பில் புகுந்த பகைவன்

வேதாரண்யம் என்றதும் உப்பு நினைவு வரும். 1930-ல் ராஜாஜி திருச்சியில் இருந்து நடந்து வந்து உப்பு அள்ளிய ஊர் அல்லவா? உப்பளத்தைத் தாண்டினால் மணல் பூமி. மணலில் தென்னை, மா.

2018-ம் ஆண்டு நவம்பர் 16-ந்தேதி விடியுமுன் கஜா புயல் இந்தக் கரையில்தான் ஏறியது. தென்னை மரங்கள் வேரோடு சாய்ந்தன. அப்பா வைத்த மரம், தாத்தா வைத்த மரம், எல்லாம் ஒரே ராத்திரியில் போயிற்று. பிறகு புதிதாகக் கன்று வைத்தார்கள். நாட்டுத் தென்னை காய்ப்புக்கு வர ஆறேழு வருடம் ஆகும். அதுவரை அதைப் பிள்ளை போல வளர்க்கவேண்டும். "தென்னம்பிள்ளை" என்று சும்மாவா சொன்னார்கள்?

கடற்கரைத் தென்னைக்கு ஒரு பழைய பகைவன் உண்டு. அதுதான் கருந்தலைப் புழு. ஓலையின் அடிப்பக்கத்தில் நூலாம்படையும் எச்சமும் கலந்து குழாய் மாதிரி ஒரு கூடு கட்டும். அதற்குள் ஒளிந்துகொண்டு பச்சையைச் சுரண்டித் தின்னும். முதலில் அடி மட்டைகள் காயும். முற்றிப்போனால், தோப்பே தீப்பட்டது போல ஆகிவிடும்.

அவ்வளவு உயரத்தில், கூட்டுக்குள் ஒளிந்திருக்கும் புழுவை எப்படிப் பிடிப்பது? அங்கேதான் நம் பட்டாளம் வருகிறது.

கொட்டினால் அசையாது!

அது ஒரு கறுப்புக் குளவி. சிற்றெறும்பு அளவுதான் இருக்கும். கோனியோசஸ் என்று பெயர். வாயில் நுழையாத பெயர். நாம் குட்டிக் குளவி என்றே சொல்வோம்.

அது என்ன செய்கிறது தெரியுமா? புழுவின் கூட்டைத் தேடிக் கண்டுபிடிக்கிறது. உள்ளே நுழைந்து புழுவைக் கொட்டுகிறது. புழு சாகாது, கை கால் விழுந்தவன் போல அசையாமல் கிடக்கும். அதன் உடம்பின் மேல் குளவி முட்டையிடும். முட்டையில் இருந்து வரும் குஞ்சுகள் புழுவின் சாற்றை உறிஞ்சியே வளரும். கடைசியில் மிஞ்சுவது வெறும் தோல்!

இன்னொரு அதிசயம். முட்டையிட்ட தாய் ஓடிவிடாது. குஞ்சுகள் கூடு கட்டும் வரை பக்கத்திலேயே காவல் இருக்கும். வேறு குளவி வந்தால் சண்டை போடும். பூச்சி இனத்தில் இவ்வளவு பாசம் அபூர்வம். புழுவின் பக்கம் இருந்து பார்த்தால் இது பாசமாகத் தெரியாது. அது வேறு விஷயம்!

பேனும் உண்ணியும் கூட அடுத்த உயிரை ஒட்டிப் பிழைப்பவைதான். ஆனால் அவை பிழைப்புக் கொடுக்கும் உடம்பைப் பொதுவாகக் கொல்லாது. இந்தக் குளவி கொன்றே தீரும். ஆயுதமாவதற்கு அதுதான் தகுதி.

அரிசிப் பானையில் படை முகாம்

வீட்டில் பழைய அரிசியை எடுத்தால் நூல் கட்டி, கட்டி கட்டியாக இருக்கும். அந்துப்பூச்சியின் வேலை அது. தாய்மார்களுக்கு அதைக் கண்டால் ஆகாது. ஆனால் படை வளர்ப்பவர்களுக்கு அதுதான் மூலதனம்!

உடைத்த கம்பும் நிலக்கடலைப் பொடியும் போட்டு அந்துப்பூச்சியை வளர்க்கிறார்கள். அதன் புழுவைக் கொடுத்துக் குட்டிக் குளவியைப் பெருக்குகிறார்கள். வளர்ந்த குளவிக்குத் தேன்சொட்டு ஆகாரம்.

அந்துப்பூச்சியின் முட்டையை வேறொரு வீரனுக்குக் கொடுக்கிறார்கள். அவன் நெல் வயலுக்குப் போகிறவன். பெயர் டிரைக்கோகிரம்மா. அரை மில்லிமீட்டர்தான் நீளம். புள்ளியை விடச் சிறியது! இது புழுவையே தொடுவதில்லை. பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை வைத்துவிடும். புழு பிறக்கவே பிறக்காது. தண்டுத் துளைப்பானும் இலைச் சுருட்டுப் புழுவும் முட்டையிலேயே முடிந்துவிடும்.

முட்டைகளை அட்டையில் பசை தடவி ஒட்டி விவசாயிக்குத் தருகிறார்கள். ஏக்கருக்கு 2 சி.சி. அட்டை. அதில் சுமார் 40 ஆயிரம் வீரர்கள்! அட்டையைத் துண்டாக்கி, நெற்பயிரின் இலையடியில் பொருத்துவார்கள்.

கடல் கடந்து வந்த படை

2008-ல் கோவைப் பக்கம் பப்பாளியில் வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி அப்பியது. வெளிநாட்டுப் பூச்சி. மரவள்ளிக்கும் மல்பெரிக்கும் தாவியது. மல்பெரி போனால் பட்டுப்புழுவுக்கு இலை ஏது? எத்தனை மருந்து அடித்தும் அடங்கவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோ தீவில் இருந்து மூன்று வகைக் குட்டிக் குளவிகளைத் தருவித்து, பெங்களூரில் பரிசோதித்து, பிறகு தமிழ்நாட்டில் விட்டார்கள். அவை பெருகப் பெருக, மாவுப்பூச்சி ஒடுங்கியது.

அவசரக்காரனுக்கு அல்ல

மருந்து அடித்தால் மறுநாளே புழு விழும். குளவி விட்டால் காத்திருக்கவேண்டும். மட்டை காய்வதைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பது லேசா? கடன் வாங்கிக் கன்று வைத்தவனுக்குத்தான் அந்த வேதனை தெரியும். பொறுக்கமாட்டாமல் மருந்தையும் தெளித்தால், தன் பட்டாளத்தைத் தானே கொன்றதாகிவிடும். மருந்து அடித்த தோப்பு என்றால் மூன்று வாரம் கழித்தே குளவி விடவேண்டும் என்கிறார்கள் வேளாண்மைக்காரர்கள்.

இன்னொன்றும் சொல்கிறார்கள். குளவியைக் கொண்டையில் கொண்டுபோய் விடக்கூடாது. அங்கே சிலந்திகள் காத்திருக்கும்; வந்த படையை விழுங்கிவிடும். மரத்தடியில் டப்பாவைத் திறந்தால் போதும். மேலே போகும் வழி குளவிக்குத் தெரியும்.