சிலாவத்துறைக் கடலும் குருதியில் கரையும் காற்றும்

சிலாவத்துறைக் கரையில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சுழியோடியின் கருவிகள் ஒரு கல்லும் கயிறும்தான். கல்லோடு ஐந்து முதல் பத்துப் பாகம் வரை இறங்குவார். ஒரு நிமிடமளவில் சிப்பியோடு மேலே வருவார். இன்று சங்குக்கும் கடலட்டைக்கும் அதே கடலில் இறங்குபவரின் முதுகில் சிலிண்டர் இருக்கிறது. கூடவே, பழைய சுழியோடிக்கு அரிதாகவே வந்த ஒரு நோயும் சேர்ந்துகொண்டது.

சிலிண்டரில் இருப்பது தனி ஒட்சிசன் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, சாதாரணக் காற்றுத்தான்: நைதரசன் 78 சதவீதம், ஒட்சிசன் 21. வளிகள் எந்த விகிதத்திலும் கலக்கும். கலந்தாலும் ஒவ்வொன்றும் தன் பங்கு அமுக்கத்தைத் தனியாகவே செலுத்தும். இதைக் கண்டவர் ஜோன் டால்டன். அவருடைய மான்செஸ்டர் நண்பர் வில்லியம் ஹென்றி 1803இல் அடுத்ததைச் சொன்னார்: வெப்பநிலை மாறாதபோது, திரவத்தில் கரையும் வளியின் அளவு அந்த வளியின் அமுக்கத்துக்கு நேர்விகிதமாகும்.

கடலில் ஒவ்வொரு 10 மீற்றருக்கும் ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுகிறது. 20 மீற்றரில் மொத்தம் மூன்று. அங்கே சுவாசிக்கும் காற்றும் அதே அமுக்கத்தில்தான் நெஞ்சுக்குள் போகும். ஒட்சிசனை உடல் செலவழித்துவிடுகிறது. நைதரசனுக்கு அங்கே வேலையில்லை. ஆகவே அது குருதியிலும் கொழுப்பிலும் கரைந்து, நேரம் போகப்போகச் சேர்கிறது. கல்லோடு இறங்கியவர் கொண்டுபோனது ஒரு மூச்சுக் காற்றை மட்டுமே. சிலிண்டர்க்காரர் தொடர்ந்து புதுக் காற்றை இழுக்கிறார். ஆழத்தைவிட இந்த வேறுபாடுதான் முக்கியம்.

சட்டென்று மேலே வந்தால், மூடி திறந்த சோடாப் போத்தலில் நடப்பதே உடலிலும் நடக்கும். கரைந்திருந்த நைதரசன் குமிழாகும்; அந்த நோய் இதுதான். மூட்டில் குமிழ் நின்றால் தாங்கமுடியாத வலி; முள்ளந்தண்டில் நின்றால் கால்கள் மரத்துப்போகும், சிலருக்கு நடையே போய்விடும். நீருக்குள் நன்றாக இருந்தவர் கரைக்கு வந்த பின்பே விழுவதால், காரணம் சிலவேளை பிடிபடுவதில்லை.

இடையிடையே நின்று படிப்படியாக ஏறும் அட்டவணைகளை ஜே. எஸ். ஹால்டேன் 1908இல் வெளியிட்டார். அதையும் மீறி நோய் வந்தவரை அமுக்க அறைக்குள் வைக்கிறார்கள். அமுக்கம் கூடும்போது குமிழ் சுருங்கி மீண்டும் கரைகிறது. அங்கே கொடுப்பது தனி ஒட்சிசன். நுரையீரலில் நைதரசனின் பங்கு அமுக்கம் ஏறத்தாழ இல்லாமலாகிவிடுவதால், குருதியில் இருக்கும் நைதரசன் ஒவ்வொரு மூச்சிலும் வெளியே வந்துவிடுகிறது.