மூச்சை விடும்போது மிச்சம் நிற்கும் காற்று

லீவில் பூதிகோட்டைக்குப் போனால், "மெஷின்ல வெச்சுட்டா அவ்ளோதானாமே சிஸ்டர்?" என்று யாராவது கேட்காமல் விடமாட்டார்கள். எங்கள் பக்கத்துக்கு நுரையீரல் நோய் புதிதல்ல. தங்கவயல் சுரங்கத்தில் இறங்கியவர்களுக்கு சிலிகோசிஸ் வர வருஷக்கணக்கானது. பெங்களூரில் நான் வேலை பார்க்கும் குழந்தைகள் ஐசியூவில் எல்லாம் அவசரம். நிமோனியா முற்றிய பிள்ளை, மண்ணெண்ணெய் குடித்த பிள்ளை, டெங்குவில் விழுந்த பிள்ளை என்று வருவார்கள். ஓரிரு நாளில் நுரையீரல் நீர் கோத்துக் கனத்துவிடும். ஏ.ஆர்.டி.எஸ். என்பது இதன் பெயர். 1967-இல் ஆஷ்பா, பெட்டி முதலான அமெரிக்க மருத்துவர்கள் 12 நோயாளிகளை வைத்து லான்செட் இதழில் இதை முதலில் விவரித்தார்கள்.

ஊரில் மெஷின் என்று சொல்லும் வென்டிலேட்டர் என்றாலே காற்றை உள்ளே தள்ளுவது என்றுதான் நினைப்போம். தள்ளுவதில் இப்போது எல்லோருக்கும் கவனம் இருக்கிறது. அதிகம் தள்ளினால் இறப்பு கூடும் என்று 2000-லேயே பெரிய ஆய்வு ஒன்று காட்டிவிட்டது. எனக்கு முக்கியமாகப் படுவது மற்றப் பாதி, மூச்சு வெளியேறும் நேரம். நனைந்த பாலித்தீன் பையின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டால் பிரிப்பது பெரும்பாடு. பிரித்ததும் முழுக்க மூடவிடாமல் பிடித்துக்கொண்டால் அடுத்த தடவை சுலபம். நோயுற்ற காற்றறைகளும் அப்படித்தான். மூச்சு முடியும்போதும் கொஞ்சம் அழுத்தத்தை நிறுத்தி வைக்கிறோமே, அதுதான் பீப்.

எவ்வளவு வைப்பது? பெரியவர்களுக்கான அமெரிக்க அட்டவணை ஒன்று உண்டு. ஆக்சிஜன் 60 சதவீதம் தேவைப்பட்டால் பீப் 10 சென்டிமீட்டர் நீரழுத்தம், 80 சதவீதம் என்றால் 14. குழந்தைகளுக்கு அவ்வளவு ஏற்ற டாக்டர்களுக்குக் கை வராது. 2018-இல் வெளியான ஆய்வு 1,134 குழந்தைகளின் பதிவுகளைப் பார்த்தது. ஏறக்குறைய நாலில் ஒரு பிள்ளைக்கு அட்டவணை சொன்னதைவிடக் குறைவாகவே பீப் இருந்தது. அந்தப் பிள்ளைகளிடையே இறப்பும் கூடுதல். குறைந்த பீப்தான் காரணம் என்று அந்தப் பதிவுகளை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது. இருந்தாலும் தயங்குகிறவர்களை யோசிக்கவைக்கிற கணக்கு அது.

தயக்கத்திலும் நியாயம் உண்டு. நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறினால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும், பிபி இறங்கும். அதனால் இரண்டிரண்டாக ஏற்றுவோம். ஏற்றியதும் நான் கட்டிலை விட்டு நகரமாட்டேன். பிபி, நாடி, சாச்சுரேஷன் எல்லாம் பார்த்தாலும் என் கண் தேடுவது இன்னொரு எண்ணை: அதே அளவு காற்று உள்ளே போய் நிற்கும்போதுள்ள அழுத்தத்துக்கும் பீப்புக்கும் உள்ள இடைவெளி. அது சுருங்கினால் மூடியிருந்த அறைகள் திறந்திருக்கின்றன. விரிந்தால் திறந்திருந்தவையே மேலும் இழுபடுகின்றன என்று பொருள். டாக்டரைக் கூப்பிட்டு ஒரு படி இறக்கவேண்டியதுதான். அந்த இடைவெளி 15-க்குள்ளும், காற்று உள்ளே போய் நிற்கும்போதுள்ள அந்த மேல் அழுத்தம் 28-க்குள்ளும் இருந்தால் நல்லது என்பது குழந்தைகளுக்கான சர்வதேச நிபுணர் குழுவின் பரிந்துரை.

மானிட்டரில் சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு, 90 என்று பார்த்தாலே தாய்மார் பதறிப்போவார்கள். பீப் 10-ஐத் தாண்டிய கடுமையான கட்டத்தில் 88 முதல் 92 வரை போதும் என்று பொறுத்துக்கொள்வோம். நூறைத் துரத்தினால் நுரையீரல்தான் அடிபடும். இன்னொன்று, சளி எடுக்கிறேன் என்று ட்யூபைக் கழற்றினால் பாடுபட்டுச் சேர்த்த அழுத்தம் நொடியில் போய்விடும். கழற்றாமலே எடுக்கும் மூடிய சக்‌ஷன் குழாய் இருக்கிறது. விலை கூடுதல்தான், மருந்துச் சீட்டில் அதைப் பார்த்தால் வீணென்று நினைக்காதீர்கள்.