பாலைவனத்தில் நீச்சல்!

எங்கு பார்த்தாலும் மணல். சொட்டுத் தண்ணீர் கிடையாது. அங்கே, குகைச் சுவரில், மனிதர்கள் நீந்துகிறார்கள்!

எகிப்தின் தென்மேற்கே, கில்ப் கெபிர் பீடபூமியில் உள்ளது இந்தக் குகை. 1933-ல் அங்கே போன ஹங்கேரிக்காரர் அல்மாசி, ஓவியங்களைக் கண்டு திகைத்தார். சகாராவில் சுமார் 5 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு வரை மழை பெய்தது, புல் முளைத்தது, மாடு மேய்ந்தது.

பார்க்கச் சென்றவர்கள் கூட்டமாகவே சென்றார்கள். தனி ஜீப்பில் போனால் உயிருக்கு ஆபத்து. டயரில் காற்றைக் குறைத்து ஓட்டுவார்கள். அப்படியும் புதைந்தால் அடுத்த ஜீப் கட்டி இழுக்கும். குடிநீர், பெட்ரோல், சாப்பாடு எல்லாம் கையோடு. இரவில் மணல்தான் படுக்கை.

இத்தனை பாடுபட்டு வந்தவர்களில் சிலர் செய்த காரியம் என்ன தெரியுமா? போட்டோவில் பளிச்சென்று விழ வேண்டுமாம்! குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரை ஓவியத்தின் மேல் தெளித்தார்கள். நனைந்த ஓவியம் உரிந்து விழுந்தது. சில இடங்களில் இப்போது வெறும் பாறைதான் தெரிகிறது.